மேல் கேள்வி

காய்கறிச் சந்தைக்கு ஒலிபெருக்கி இல்லாமல் இல்லை. சங்கத் தேர்தலில் ஜெயித்தவர்கள் ஒன்றை வாங்கி, மாலை போட்டு, போட்டோ எடுத்து, தகரக் கூரையின் முகட்டில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கொஞ்ச நாளில் அதற்குள் ஒரு காகம் குடித்தனம் வைத்தது. யாரும் வருத்தப்படவில்லை. வெண்கலம் இருக்கிற சந்தைக்கு ஒலிபெருக்கி எதற்கு? தக்காளிப் பெட்டிமேல் ஏறி நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால், அந்தக் கோடியில் முட்டைக்கோஸ் இறக்கிக்கொண்டிருப்பவன் தோளில் மூட்டை இருப்பதையும் மறந்து திரும்பிப் பார்ப்பான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. ஏலம் போடுகிற அந்தக் குரலுக்காகச் சந்தை வைத்த பெயர்தான் வெண்கலம். அவர் மனைவி மண்டியின் பின்கட்டில் உட்கார்ந்து சாக்கு மூட்டைகளுக்கு வாய் தைப்பவள். அவளுக்கு ஊசி என்று பெயர். கையிலிருக்கும் கோணி ஊசியை வைத்துத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் மட்டும் நம்பிக்கொண்டிருந்தாள்.

வெண்கலத்தின் கழுத்தில் கட்டி வந்தபோது சந்தைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த அளவையில்தான் அதை அளந்தார்கள். முதலில் எலுமிச்சை என்றார்கள். பிறகு தக்காளி என்றார்கள். அது நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா என்று இரண்டு கட்சி ஆனது. குரல் லேசாகக் கரகரத்தபோதுதான் பேச்சு நின்றது. வெண்கலத்தில் கீறல் விழுந்தால் எல்லாக் காதுக்கும் கேட்கும்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றாள் ஊசி.

"போனா அறுப்பான்."

"அறுக்காம மந்திரமா போடுவான்?"

"தொண்டையில அறுத்தா நான் நாளைக்கு என்னத்த வச்சு ஏலம் போடறது? விசிலா?"

ஆனாலும் போனார்கள். ஊருக்கெல்லாம் டாக்டர்களைப் படிக்க வைத்து அனுப்பும் பெரிய ஆஸ்பத்திரி அது. சுவரோரம் இருந்த கட்டில் கிடைத்தது. அவர்களைப் பார்த்தவர் சின்ன டாக்டர். சின்ன என்பது பதவியைப் பொறுத்தது, தலை நரைத்துவிட்டது. நின்றபடி டீ குடிப்பார், நடந்தபடி பேசுவார்.

"வியாழக்கிழமை எடுத்துடலாம்மா. சாதாரணக் கட்டிதான், கெட்ட கட்டி இல்ல."

"குரலு?" என்றாள் ஊசி.

"குரல் நரம்பு கட்டிக்குப் பின்னாலயே ஓடுது. நூல் மாதிரி இருக்கும். பார்த்துப் பண்ணுவேன். ஆனா நிச்சயமா ஒண்ணும் ஆகாதுன்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

"நீங்க குடுக்கலன்னா வேற யாரு குடுப்பா?"

"ஆபரேஷன் பண்ணாதவங்க குடுப்பாங்க," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

புதன்கிழமை காலை பெரிய டாக்டர் வந்தார். அவர் தனியாக வந்ததை யாரும் பார்த்ததில்லை. முன்னால் ஒரு நர்ஸ் கதவைத் திறக்க, பின்னால் ஒரு வகுப்பே நடந்துவரும். அவர் நின்றால் வகுப்பு நிற்கும், அவர் சிரித்தால் வகுப்பு சிரிக்கும். வெண்கலத்தின் கட்டிலருகே வந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, "அழகு," என்றார்.

ஊசி அவசரமாகத் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். அவர் கட்டியைச் சொல்லியிருக்கிறார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"என்ன உருண்டை, என்ன ஓரம் பாருங்க. புத்தகத்துல வரையறதுக்கே உக்காந்த மாதிரி இருக்கு," என்றார் வகுப்பைப் பார்த்து. வகுப்பு கட்டியைப் பார்த்து நெகிழ்ந்தது. பிறகு அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். பெரிய டாக்டர் நோயாளியின் கட்டிலில் உட்கார்வதைக் கண்ட வார்டு, இருமலை அடக்கிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அறுவைப் பாடம் நடத்தப் புதிய அரங்கம் ஒன்று திறக்கப் போகிறார்களாம். மாணவர்கள் கண்ணில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும், நோயாளியின் கழுத்து ஆள் உயரத்துக்கு எதிரே வந்து நிற்குமாம். தோல், தசை, ரத்தக்குழாய் என்று அறை அறையாகத் திறந்து பார்க்கலாமாம். திறப்பு விழா அன்று முதல் ஆபரேஷனை மேடையை ஒட்டிய கண்ணாடி அறையில் பெரிய டாக்டரே செய்வார். அதோடு, அறுவைச் சிகிச்சையில் ஏழைக்கு ஆகும் செலவை எப்படிக் குறைப்பது என்று அவர் ஓர் ஆராய்ச்சியும் நடத்துகிறார். அதிலும் வெண்கலத்துக்கு இடம் உண்டு.

"உங்களுக்குச் செலவே கிடையாது. மருந்து, ஸ்கேன், எல்லாம் எங்க பொறுப்பு."

"குரலு?" என்றாள் ஊசி மறுபடியும்.

"புது மெஷின் வருதும்மா. கத்தி குரல் நரம்புக்குப் பக்கத்துல போனாலே அது சத்தம் போட்டுச் சொல்லிடும். குரலுக்கு நான் பொறுப்பு."

வெண்கலத்தின் முகம் மலர்ந்தது. சத்தம் போட்டுச் சொல்கிற எதன்மேலும் அவருக்கு நம்பிக்கை உண்டு. ஏலத்தில் ஒருவன் கேட்கும் விலையை, சந்தை மொழியில் கேள்வியை, ஏற்றுக்கொள்ளும்போது செய்வதுபோல ஆள்காட்டி விரலை உயர்த்தி மனைவியைப் பார்த்தார்.

சந்தைக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது. மேல் கேள்வி வந்த நொடியில் கீழ்க் கேள்வி செத்தது. கீழே கேட்டவனிடம் திரும்பிப் போகக் கூடாது. அதேபோல மேல் கேள்வி கேட்டவன் சரக்கை எடுத்தே ஆக வேண்டும். விளையாட்டுக்குக் கேட்டேன், வண்டி வரவில்லை என்று சாக்குச் சொன்னவன் மறுநாள் சந்தைக்குள் வாயைத் திறந்தால் வெங்காயம் உரிப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த இரண்டாவது பாதி சந்தையின் மதிலுக்கு வெளியிலும் செல்லும் என்று புருஷனும் பெண்டாட்டியும் நினைத்தார்கள்.

சாயங்காலம் சின்ன டாக்டர் தனியாக வந்தார்.

"நாளைக்கு உங்க இடத்துல வேற ஆளைப் போட்டுடவா?"

"போட்டுருங்க சார். மேல் கேள்வி வந்துருச்சு," என்றார் வெண்கலம்.

சின்ன டாக்டர் வியாழக்கிழமைப் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டுப் போனார். மறுநாள் பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் உள்ளே போய் வந்தார். கழுத்தில் பிளாஸ்திரியோடு, கொஞ்சம் கம்மிய குரலில் மருமகனைத் திட்டிக்கொண்டே சில நாளில் வீட்டுக்கும் போனார்.

விழா அடுத்த மாதம் என்றார்கள். அடுத்த மாதம் வந்தபோது கண்ணாடிகள் துறைமுகத்தில் நின்றுபோயிருந்தன. கண்ணாடிகள் வந்தபோது நாற்காலிகளின் நிறம் பெரிய டாக்டருக்குப் பிடிக்கவில்லை. நாற்காலி மாறியபோது அமைச்சர் வெளிநாடு போயிருந்தார். ஒவ்வொரு தடவையும் காரணம் சரியாகத்தான் இருந்தது. கட்டிக்குத்தான் அது எதுவும் தெரியவில்லை. தக்காளி, நூல்கோல் ஆனது. அதற்குமேல் சந்தையில் யாரும் அளவு சொல்லவில்லை.

சாப்பாடு மெல்ல மெல்ல இளகிக்கொண்டு வந்தது. முதலில் ரொட்டியைப் பாலில் ஊறவைத்தாள். பிறகு உருளைக்கிழங்கை வேகவைத்து மத்தால் கடைந்து கொடுத்தாள். பிறகு அதையும் துணியில் வடிகட்ட வேண்டியிருந்தது. "பல்லு முளைக்காத பிள்ளைக்குக் கூட இதைவிடக் கெட்டியாக் குடுப்பாங்க," என்று வெண்கலம் கிசுகிசுத்தார். கிசுகிசுப்புத்தான் இப்போது அவர் குரல்.

ஏலத்தை விட்டுவிடவும் முடியாது. மண்டி முதலாளி நல்ல மனிதர், ஆனால் முதலாளி. "தங்கச்சி, சரக்கு வெயில்ல நிக்குது. எனக்குச் சத்தம் வேணும். யாரு போட்டா எனக்கென்ன?" என்றார். ஆகவே வெண்கலம் பெட்டிமேல் நிற்க, ஊசி பக்கத்தில் நின்றாள். வாங்க வந்தவர்களின் கண்ணசைவை எல்லாம் அவர் பார்ப்பார். விலையை அவள் முதுகில் விரலால் தட்டுவார். விரலால் தட்டினால் பத்து, உள்ளங்கையால் தட்டினால் நூறு. அவள் கத்துவாள். மழை பிடித்துக்கொண்ட மாதம் அது. கூரையில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அவள் தொண்டை வெந்துபோனது. முதுகில் அவர் கை மட்டும் தப்பே செய்யவில்லை. ஆனால் அவர் மூச்சு வாங்கி நிற்கும் நேரத்தில் தட்டு வராது. அவள் வாயைத் திறந்தபடி காத்திருப்பாள். அந்த இடைவெளியில் வியாபாரி அடுத்த மண்டிக்கு நகர்ந்துவிடுவான். ஒருநாள் முதலாளி கையில் மைக்கோடு வேறொரு ஏலக்காரரைக் கூட்டிவந்தார். வெண்கலம் பெட்டியிலிருந்து தானாகவே இறங்கி, அந்தப் புது ஆள் ஏற வசதியாகப் பெட்டியை நகர்த்தியும் வைத்தார்.

வாராவாரம் ஒரு போன் மட்டும் தவறாமல் வந்தது. பெரிய டாக்டரிடம் மேல்படிப்புப் படிக்கிற இளம் பெண் டாக்டர் ஒருத்தி, செலவு ஆராய்ச்சிக்காகக் கூப்பிடுவாள்.

"இந்த வாரம் செலவு ஏதாவது ஆச்சாக்கா?"

"ஆச்சு. ஸ்கேனுக்கு வரச் சொல்லிட்டு மெஷின் ரிப்பேர்னு அனுப்பினீங்களே, அந்தப் பஸ்ஸு."

"பஸ் சேரும். அப்புறம்?"

"அவருக்கு வேலை போச்சு."

"கம்பெனியில லீவுக்குச் சம்பளம் பிடிச்சாங்களா?"

"ஏலக்காரனுக்கு ஏதும்மா லீவு? வாயைத் தொறந்தா கூலி, மூடினா இல்ல."

"மாசச் சம்பளம் இல்லாதவங்களை எப்படிச் சேர்க்கறதுன்னு சார்கிட்டக் கேக்கணும்க்கா. இப்போதைக்கு விட்டுடறேன்."

"விடு. ராத்திரி அவரு உக்காந்துகிட்டேதான் தூங்கறாரு. படுத்தா அடைக்குது. அது எதுல வரும்?"

"அது செலவுல வராதுக்கா," என்றாள் அந்தப் பெண். பிறகு, தன் வேலையில் இல்லாத ஒன்றைச் செய்கிறவளின் குரலில், "நீங்க நேர்ல வந்து சாரைப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க," என்றாள்.

ஊசி போனாள். புதிய அரங்கத்தில் இன்னும் வார்னிஷ் வாசனை போகவில்லை. நடுவில் பெரிய டாக்டர் கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெறும் காற்றில் இரண்டு கையாலும் எதையோ விலக்கிக்கொண்டிருந்தார். ஒட்டடை அடிக்கிறாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"சார், நான் வெண்கலம் சம்சாரம்."

"வாங்கம்மா. இப்போ உங்க வீட்டுக்காரர் கழுத்துக்குள்ளதான் நின்னுட்டு இருக்கேன்," என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றாமல். "என்ன சுத்தமா இருக்கு தெரியுமா."

"வெளியில அவருக்கு மூச்சு முட்டுது சார்."

"எடுத்துட்டா சரியாயிடும்."

"எப்ப எடுப்பீங்க?"

"அமைச்சர் தேதி குடுத்ததும் மறுநாளே."

"இல்லன்னா எங்களை விட்டுருங்க. நாங்க சின்ன டாக்டர்கிட்டயே போறோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. விருந்துக்குக் கூப்பிட்டவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோகும் விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தாராளமாப் போகலாம்மா. ஆராய்ச்சியில யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆனா அந்த வரிசையில நீங்க கடைசியில நிக்கணும். அது எப்போ வரும்னு நான் சொல்ல முடியாது."

திரும்பும் வழியில் சின்ன டாக்டரைக் கேட்டாள். கடைசி என்றால் அடுத்த வருஷ மழைக்காலம் என்றார் அவர். "இப்போ உள்ளயும் நிக்க முடியாது, வெளியவும் போக முடியாதுன்னு ஆயிடுச்சேம்மா," என்றார். அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்டவர் எடுத்துத்தானே ஆக வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் துணைக்கு வந்திருந்த நாத்தனார் அடுப்படியில் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் காதில் விழாமல் பேச அவள் பழகியதில்லை.

"அன்னிக்கே அறுத்திருந்தா இந்நேரம் எழுந்து நடமாடியிருப்பாரு அண்ணி."

"அறுத்திருந்தா குரல் போயிருக்கலாம்."

"இப்ப மட்டும் பாடிக்கிட்டா இருக்காரு?"

ஊசி வடிகட்டிய கஞ்சியை டம்ளரில் ஊற்றி ஆற்றத் தொடங்கினாள். உள்ளேயிருந்து வெண்கலம் கட்டிலின் சட்டத்தைத் தட்டினார். வந்து பார்த்தால், தங்கையை நோக்கி விரலை ஆட்டி, தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். விரலைத் தூக்கியது நான், அவளைச் சொல்லாதே என்று அர்த்தம்.

ஒருவழியாக அமைச்சர் தேதி கொடுத்தார். அன்று விடியும்போதே அடைமழை. ஆஸ்பத்திரி வாசலில் கட்டிய துணி வளைவு நனைந்து, பெரிய டாக்டரின் படம் நெற்றியில் மடிந்து தொங்கியது. வெண்கலத்தைச் சக்கர நாற்காலியில் மாடி அரங்கத்தின் மேடைக்குப் பின்னாலுள்ள அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூச்சு இழுக்கும்போது அவர் தொண்டையில் ஒரு விசில் கேட்டது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் அன்று காலை எடுத்த ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கட்டி நெஞ்சுக்குள்ள இறங்கிடுச்சு சார். மூச்சுக்குழாய் நசுங்கிக் கிடக்கு. இவ்வளவு பேர் முன்னாடி இதைத் தொட்டா, மேடையிலயே போயிடுவார்."

பெரிய டாக்டர் தானும் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போனது. உண்மையிலேயே துக்கம்தான். "என்ன கேஸு. எப்படி இருந்தது. இப்படிக் கெட்டுப் போச்சே," என்றார், மழையில் நனைந்த சரக்கைப் பார்க்கும் வியாபாரியைப்போல. பிறகு ஊசியிடம் தன்மையாகச் சொன்னார்: "இது இப்போ பாடத்துக்கு ஏத்த கேஸ் இல்லம்மா."

"பாடம் வேணாம் சார். கட்டிய எடுங்க."

"எடுப்போம், எடுப்போம். விழா முடியட்டும்."

யாரோ அவர் காதில் ஏதோ சொன்னார்கள். முகம் தெளிந்தது. வெண்கலத்தின் முதல் ஸ்கேனை வைத்து, மாணவர்கள் பழகுவதற்காக ரப்பரில் அவர் கழுத்தை அப்படியே வார்த்து வைத்திருந்தார்கள். கட்டி அழகாக இருந்த காலத்துக் கழுத்து. அதைக் கொண்டுவரச் சொன்னார். சக்கர நாற்காலியை லிஃப்டில் இறக்கிக் கீழ்த்தளத் தாழ்வாரத்துக்குத் தள்ளினார்கள்.

மேலே வரவேற்புரை தொடங்கியபோது வெண்கலத்தின் உதடு நீலம் பாய்ந்தது. ஊசி அங்குமிங்கும் ஓடினாள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் மேலே கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி கிடைக்காத ஒருவர் மட்டும் கீழே வார்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சின்ன டாக்டர் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வைக்கணும்மா. கட்டியை ஒரு ஓரமாத் தள்ளிட்டுத்தான் போடணும், சுலபமில்ல. அப்புறம் கட்டியை எடுக்கற வரைக்கும் பேச்சு வராது. எடுத்த பிறகும் வருமான்னு எனக்குத் தெரியாது. சரியா?"

வெண்கலம் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவரைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. கேட்காமலே, "போடுங்க," என்றாள்.

கட்டுப்போடும் அறையில் வைத்துப் போட்டார்கள். வெளியே நின்றவளுக்கு மாடியில் கைதட்டுவது கேட்டது, பிறகு உள்ளே எதுவோ தட்டில் விழும் சத்தம், மறுபடியும் கைதட்டல். சின்ன டாக்டர் வெளியே வந்தபோது சட்டையெல்லாம் ரத்தம்.

"மூச்சு வருது. ஆனா இது நிக்காதும்மா. இன்னிக்கே கட்டியை எடுக்கணும். நெஞ்சைத் திறக்கணும், அது என்னால ஆகாது. நெஞ்சு டாக்டர் வேணும், பெரிய தியேட்டர் வேணும். தியேட்டர் ஆளுங்க பூரா விழாவுல. நெஞ்சு டாக்டர் முதல் வரிசையில உக்காந்திருக்கார். போனை அணைச்சு வச்சிருக்கார்."

அப்போது செலவு ஆராய்ச்சிப் பெண் மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தாள். "அக்கா, சார் உங்களை மேடைக்குக் கூட்டிட்டு வரச் சொல்றார்." சொல்லிவிட்டு, கட்டுப்போடும் அறைக்குள் பார்த்து, அப்படியே நின்றுவிட்டாள்.

ஊசி மேலே ஓடினாள். முதல் வரிசையைத் தேடித்தான் ஓடினாள். அரங்கத்தில் அத்தனை பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டவர்களாக, இல்லாத கழுத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ரப்பர்க் கழுத்து வெள்ளைத் துணிமேல் படுத்திருந்தது. அதிலிருந்து எடுத்த கட்டி பக்கத்தில் வெள்ளித் தட்டில் இருந்தது. பெரிய டாக்டர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"நரம்பு முழுசாக் காப்பாற்றப்பட்டது. இன்னொரு மகிழ்ச்சியான செய்தி. இந்த நோயாளியின் குடும்பத்துக்கு அறுவைச் செலவு சுழியம். இதோ, அவரோட மனைவியே வந்துட்டாங்க."

யாரோ அவள் கையில் பூங்கொத்தைத் திணித்தார்கள். அமைச்சர் எழுந்து, அவள் தோளுக்குப் பின்னால் ரப்பர்க் கழுத்து தெரிகிற மாதிரி நின்றுகொண்டார். கேமரா வெளிச்சம் வெட்டியது. மைக் அவள் வாய்க்கு வந்தது.

"அவரு கீழ இருக்காரு," என்றாள். வெந்துபோன தொண்டையிலிருந்து கட்டைக் குரல்தான் வந்தது. "கழுத்துல ஓட்டை போட்டிருக்கு. கட்டிய இன்னும் எடுக்கல. நெஞ்சு டாக்டர் யாரு இங்க? உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். எந்திரிச்சு வாங்க."

பெரிய டாக்டர் அவள் கையிலிருந்து மைக்கை மெதுவாக எடுத்தார். "பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க," என்றார். கூட்டம் பெரும் நிம்மதியோடு கைதட்டியது. முதல் வரிசையில் வழுக்கைத் தலையர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்த அமைச்சரின் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு, தேசியகீதம் முடிந்ததும் வருகிறேன் என்பதுபோல அவளிடம் கையைக் காட்டிவிட்டு, கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

அவள் கீழே வந்தாள். வெண்கலம் கண் விழித்திருந்தார். கழுத்தின் நடுவிலிருந்த குழாய் வழியாகக் காற்று புசுபுசுவென்று போய்வந்துகொண்டிருந்தது. கட்டிலின் அந்தப் பக்கம் அந்த இளம் டாக்டர், உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி, அழுது முடித்த முகத்தோடு நின்றிருந்தாள். பூங்கொத்தைப் பார்த்து வெண்கலம் புருவத்தை உயர்த்தினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என்ன நடந்தது மேலே என்று கேட்கிறார்.

என்ன சொல்வது? வருகிறார்கள் என்றால் எப்போது என்பார். வரவில்லை என்றால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சாம்," என்றாள். "குரலும் தப்பிச்சிருச்சாம். அமைச்சரே கை தட்டினாரு."

வெண்கலம் அவளையே பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறார். வாயில் ஒன்றும் இல்லை, சிரிப்பெல்லாம் குழாய் வழியாகச் சீறிக்கொண்டு வந்தது, கூடவே ரத்தம் கலந்த கோழையும் வந்தது. "சிரிக்க வைக்காதீங்கக்கா, சிரிக்கக் கூடாது," என்று இளம் டாக்டர் பதறிக்கொண்டு குழாயைத் துடைத்தாள். அவரால் நிறுத்த முடியவில்லை. ஊசி எழுந்து இரண்டு கையாலும் அவர் தோளைக் கட்டிலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "போதும்ங்க, போதும்," என்றாள். மாடியில் எல்லாரும் தேசியகீதத்துக்கு எழுந்து நிற்கும் நாற்காலிச் சத்தம் கேட்டது. யாராவது படியிறங்கி வருகிறார்களா என்று கதவைப் பார்த்தபடியே அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.